நிலக்கரிப் பகுப்பாய்வு அறிக்கையைப் படிப்பது எப்படி?

ஒரே குவியலிலிருந்து எடுத்த ஒரே நிலக்கரிக்கு, கிலோவுக்கு 4,398, 4,648, 5,080, 5,404, 7,697 கிலோகலோரி என்று ஐந்து வெப்ப மதிப்புகளை எழுத முடியும்; ஐந்தும் சரியாகவே இருக்கும். எந்த எண் எந்த நிலையில் உள்ள நிலக்கரியைப் பற்றிப் பேசுகிறது என்று தெரியாமல் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உலைக்கு எரிபொருள் கணக்குப் போடுபவர், தவறு எங்கே நுழைந்தது என்பதைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியாது. அந்த ஐந்து எண்களும் எப்படிப் பிறக்கின்றன, அறிக்கையில் உள்ள மற்ற எண்களைக் கொண்டு அவற்றை எப்படிச் சரிபார்ப்பது, எரியும்போதும் சேமிக்கும்போதும் நிலக்கரி வெப்பத்துக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று அறிக்கையிலிருந்து எப்படி ஊகிப்பது ஆகியவற்றை ஒரு மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டே இங்கே பார்க்கலாம். மாதிரியின் எண்களைக் கணக்குக்காக நானே அமைத்திருக்கிறேன். ஆனால் நடுத்தரத் தரமுள்ள, சாம்பல் சற்று மிகுந்த பிட்டுமினஸ் நிலக்கரியின் அறிக்கையில் இத்தகைய எண்களைத்தான் காண்பீர்கள்.

நிலக்கரிக்குள் இருப்பவை

நிலக்கரிக்கு ஒரே வேதி வாய்பாடு கிடையாது. அது மண்ணுக்குள் புதைந்த தாவரப் பொருள், நெடுங்காலம் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உட்பட்டு மாறியதால் உண்டான பாறை. அதில் எரியக்கூடிய கரிமப் பகுதி, எரியாத கனிமப் பகுதி, நீர் ஆகிய மூன்றும் கலந்திருக்கின்றன. கரிமப் பகுதியில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், கந்தகம் என ஐந்து தனிமங்கள் உள்ளன.

மரத்தை ஈரமும் சாம்பலும் நீக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 50% கார்பன், 6% ஹைட்ரஜன், மீதியில் பெரும்பகுதி ஆக்சிஜன். அது பீட் எனப்படும் கரிச்சதுப்பாகி, பழுப்பு நிலக்கரியாகி, பிட்டுமினஸாகி, கடைசியில் ஆந்த்ரசைட்டாக முதிரும் வழியில் ஆக்சிஜன் படிப்படியாகக் கழன்று போகிறது. அதே அடிப்படையில் பழுப்பு நிலக்கரியில் கார்பன் 65 முதல் 75% வரையும், பிட்டுமினஸில் 75 முதல் 90% வரையும், ஆந்த்ரசைட்டில் 92%க்கு மேலும் இருப்பது வழக்கம். பிட்டுமினஸ் வரை 5% அளவில் நிற்கும் ஹைட்ரஜன், ஆந்த்ரசைட்டில் 2 முதல் 4% ஆகச் சரிந்துவிடுகிறது.

வெப்ப மதிப்பை முடிவு செய்வது இந்த ஆக்சிஜன்தான் என்று சொன்னால் மிகையாகாது. எரிதல் என்பது ஆக்சிஜனோடு சேர்வதே; ஆகவே, ஆக்சிஜன் முன்பே ஒட்டியிருக்கும் கார்பனும் ஹைட்ரஜனும் தங்கள் வெப்பத்தில் ஒரு பங்கை ஏற்கெனவே இழந்தவை. பழுப்பு நிலக்கரியை எவ்வளவு உலர்த்தினாலும், அதன் சாம்பலைக் கணக்கில் எவ்வளவு கழித்தாலும், அது பிட்டுமினஸ் நிலக்கரியின் வெப்பத்தைத் தராததற்குக் காரணம் இதுவே. மறுபக்கத்தில், மிக முதிர்ந்த ஆந்த்ரசைட்டை விட, ஆவிப்பொருள் (காற்றில்லாமல் சூடாக்கினால் வாயுவாகவும் ஆவியாகவும் வெளியேறும் பகுதி) குறைந்த பிட்டுமினஸ் நிலக்கரி கிலோவுக்குச் சற்றுக் கூடுதல் வெப்பம் தருவதும் உண்டு. ஆந்த்ரசைட் இழந்த ஹைட்ரஜனின் ஒவ்வொரு கிலோவும் கார்பனைப் போல நான்கு மடங்குக்கு மேல் வெப்பம் தரவல்லது.

முதலில் பார்க்க வேண்டியது அடிப்படை

அறிக்கை கைக்கு வந்ததும் கண் வெப்ப மதிப்பு இருக்கும் வரிக்கே ஓடும். அதற்கு முன், அந்த வரியின் தலைப்பில் எந்த அடிப்படை எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். புழக்கத்தில் உள்ள அடிப்படைகள் நான்கு. லாரியிலோ வேகனிலோ வந்து இறங்கியபோது இருந்த முழு ஈரத்தோடும் கணக்கிட்டால் அது 'வந்தபடி' அடிப்படை. ஆய்வுக்கூடக் காற்றில் பரப்பி வைத்து, மேலோட்டமான ஈரம் போனபின் உள்ளே தங்கும் ஈரத்தோடு கணக்கிட்டால் 'காற்றில் உலர்ந்த' அடிப்படை. ஈரம் முழுவதையும் கணக்கில் கழித்தால் 'உலர்' அடிப்படை. ஈரத்தோடு சாம்பலையும் கழித்தால் 'ஈரமும் சாம்பலும் நீங்கிய' அடிப்படை.

சோதனைகள் பெரும்பாலும் காற்றில் உலர்ந்த மாதிரியிலேயே நடக்கின்றன. ஏனெனில் எடை போடும்போது காற்றிலிருந்து ஈரத்தை வாங்காமலும் காற்றுக்கு விடாமலும் சமநிலையில் நிற்பது அந்த மாதிரிதான். ஆனால் உலைக்குள் போவது வந்தபடி உள்ள நிலக்கரி. இந்த இடைவெளியைக் கடக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நம் மாதிரியின் மொத்த ஈரம் 14%. காற்றில் உலர்ந்தபின் ஈரம் 6%, சாம்பல் 28%, ஆவிப்பொருள் 27%, இவை மூன்றும் போக மிஞ்சும் நிலைக்கார்பன் 39%. அதே நிலையில் அளந்த மொத்த வெப்ப மதிப்பு, அதாவது ஜி.சி.வி., கிலோவுக்கு 5,080 கிலோகலோரி.

காற்றில் உலர்ந்த நிலையில் ஈரம் தவிர்த்த பொருள் 94 பங்கு; வந்தபடி நிலையில் 86 பங்கு. ஆகவே ஈரம் நீங்கலாக எந்த எண்ணையும் 86/94 என்ற பின்னத்தால் பெருக்கினால் வந்தபடி மதிப்பு கிடைக்கும்: 5,080 × 86 ÷ 94 = 4,648. சாம்பலும் இவ்வாறே 28லிருந்து 25.6% ஆகும். உலர் அடிப்படைக்கு 100/94 என்ற பின்னம்: 5,404. ஈரமும் சாம்பலும் நீங்கிய அடிப்படைக்கு, 6ஐயும் 28ஐயும் கழித்து மிஞ்சும் 66ஐக் கொண்டு 100/66: 7,697.

ஈரத்தைக் குறிக்கும் எண்ணை மட்டும் இந்தப் பின்னங்களால் பெருக்கக் கூடாது. அது வேறு அளவீடு. மொத்த ஈரத்தைத் தனி மாதிரியில் அளந்துதான் அறிய வேண்டும். அந்த மாதிரியை மூடிய பையிலோ டப்பாவிலோ எடுத்த உடனே அடைத்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஈர மாதிரிப் பையின் வாயைக் கட்டாமல் ஓர் இரவு மேசையில் விட்டுவிட்டேன். மறுநாள் அளந்த ஈரம் துல்லியமாகவே இருந்தது. ஆனால் அது பையில் மிஞ்சியிருந்த நிலக்கரியின் ஈரம், வந்து இறங்கிய நிலக்கரியின் ஈரம் அல்ல. அந்த அறிக்கையை ரத்து செய்து புதிதாக மாதிரி எடுக்க வேண்டியதாயிற்று.

மழையில் நனைந்த குவியலுக்கும் இதே கணக்கு உதவும். நம் மாதிரியின் மொத்த ஈரம் 14லிருந்து 20% ஆக உயர்ந்தால், உலர் மதிப்பான 5,404ஐ 0.80ஆல் பெருக்குங்கள்: 4,323. நிலக்கரி மாறவில்லை, ஆனால் கிலோவுக்கு 325 கிலோகலோரி குறைந்துவிட்டது.

ஈரமும் சாம்பலும் நீங்கிய மதிப்பை வாங்குவதற்கோ எரிப்பதற்கோ யாரும் பயன்படுத்துவதில்லை. ஆயினும் சரிபார்ப்புக்கு அதைவிட நல்ல எண் இல்லை என்பது என் கருத்து. ஒரே படுகையின் நிலக்கரியில் சாம்பலும் ஈரமும் ஒவ்வொரு முறையும் மாறும். கரிமப் பகுதியோ அதிகம் மாறாது. ஆகவே ஒரே இடத்திலிருந்து வரும் மாதிரிகளின் ஈரமும் சாம்பலும் நீங்கிய வெப்ப மதிப்புகள் நெருங்கியே நிற்க வேண்டும். வழக்கமாக 7,700ஐச் சுற்றி நிற்கும் எண் திடீரென்று 7,200 என்று வந்தால், வேறு நிலக்கரி கலந்திருக்கிறது, அல்லது நெடுநாள் வெளியில் கிடந்து ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது, அல்லது சாம்பலிலோ வெப்ப மதிப்பிலோ அளவீட்டுப் பிழை இருக்கிறது. மூன்றில் எது என்பதை மறு சோதனையால் பிரிக்கலாம்.

மூசையில் நடப்பவை

ஈரம், சாம்பல், ஆவிப்பொருள், நிலைக்கார்பன் ஆகிய நான்கையும் தரும் சோதனைத் தொகுப்பை ஆய்வுக்கூடங்களில் பிராக்சிமேட் பகுப்பாய்வு என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1 கிராம் மாதிரி போதும், அது 0.2 மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியாக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த 1 கிராம் ஆயிரக்கணக்கான டன்னுக்காகப் பேசப்போகிறது என்பதை மறக்கக் கூடாது. கட்டிகளில் ஒரு சாம்பல் அளவும் தூளில் வேறொரு சாம்பல் அளவும் இருப்பது சாதாரணம். ஆகவே குவியலின் ஓரத்தில் சரிந்து கிடக்கும் கட்டிகளைப் பொறுக்கி எடுத்த மாதிரிக்கு எத்தனை நவீனக் கருவியும் உதவாது. ஓடும் கன்வேயரில், சமமான இடைவெளிகளில், பட்டையின் முழு அகலத்தையும் வெட்டி எடுத்த பல சிறு பகுதிகளைச் சேர்த்து, நொறுக்கி, கலந்து, நான்காகப் பிரித்துக் குறைத்துக்கொண்டே வருவதுதான் நம்பத்தக்க வழி.

ஈரத்தை 105 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, எடை இழப்பால் அளக்கிறார்கள். பழுப்பு நிலக்கரியானால் நைட்ரஜன் ஓட்டத்தில் செய்வது நல்லது. அது சூட்டில் காற்றின் ஆக்சிஜனை உறிஞ்சி எடை கூடும். அந்தக் கூடுதல் எடை நீரின் இழப்பில் ஒரு பகுதியை மறைத்துவிடும்.

சாம்பல் சோதனையில் அவசரம் ஆகாது. ஐ.எஸ்.ஓ. என்னும் பன்னாட்டுத் தர முறையில் மாதிரியை முதலில் 500 டிகிரிக்கு மெதுவாக ஏற்றி, அங்கே நிறுத்தி, பிறகே 815 டிகிரிக்குக் கொண்டுபோகிறார்கள். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமான பைரைட்டில் உள்ள கந்தகம் எரிந்து வாயுவாகி முதலில் வெளியேற வேண்டும். சுண்ணாம்புக் கார்பனேட்டுகள் சிதைவது அதன் பிறகு நடக்க வேண்டும். நேராகச் சூடான உலைக்குள் மூசையை, அதாவது மாதிரியை வைத்துச் சூடாக்கும் கிண்ணத்தை, தள்ளிவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்து, விடுபட்ட கால்சியம் ஆக்சைடு கந்தக வாயுவைப் பிடித்துக் கால்சியம் சல்பேட்டாக வைத்துக்கொள்ளும். சாம்பல் கூடுதலாகத் தெரியும். முடிவில் மூசையில் தங்கும் பொடியின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செங்கல் நிறம் இரும்பு ஆக்சைடு மிகுதியைக் காட்டும். பின்னர் சாம்பல் உருகுநிலையைப் பற்றிப் பேசும்போது அந்தக் குறிப்பு பயன்படும். நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் எரிதல் முடியவில்லை என்று பொருள்; மீண்டும் உலைக்குள் வைக்க வேண்டும்.

ஆவிப்பொருள் சோதனையை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். இறுக்கமான மூடியுள்ள சிலிக்கா மூசையில் 1 கிராம் பொடியை இட்டு, தட்டிச் சமப்படுத்தி, 900 டிகிரி உலைக்குள் சரியாக 7 நிமிடம் வைக்கிறார்கள். காற்று உள்ளே போகாததால் நிலக்கரி எரிவதில்லை, சிதைகிறது. முதல் நிமிடத்திலேயே மூடியின் விளிம்பில் மஞ்சள் சுடர் நாக்குகள் எழும். அவை வெளியேறும் தாரும் ஹைட்ரோகார்பன் வாயுக்களும் உலைக் காற்றில் பற்றுவதால் வருபவை. சுடர் அடங்கியபின் மூசையை எடுத்து ஆறவைத்துத் திறந்தால், சில நிலக்கரிகள் இட்டது போலவே உதிரிப் பொடியாகக் கிடக்கும். சில, பொத்தான் போல வெள்ளி மினுக்கத்தோடு உப்பி ஒட்டியிருக்கும். அந்தப் பொத்தான் கட்டிபடும் தன்மையின் அடையாளம். எடையை மட்டும் எழுதிவிட்டு மூசையைக் கவிழ்த்துவிடுவது பெரிய இழப்பு. எடைத் தராசு சொல்லாத ஒன்றை அந்தப் பொத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சோதனையில் விதிமுறையை மாற்றினால் எண்ணும் மாறும். ஏ.எஸ்.டி.எம். என்னும் அமெரிக்கத் தர முறையில் வெப்பநிலை 950 டிகிரி; ஆகவே அதில் வந்த ஆவிப்பொருளை 900 டிகிரியில் வந்ததோடு நேராக ஒப்பிடுவது சரியல்ல. ஆவிப்பொருள் என்பது நிலக்கரிக்குள் முன்பே அடைபட்டிருக்கும் ஒரு பொருள் அன்று. குறிப்பிட்ட சூட்டில், குறிப்பிட்ட நேரத்தில் உருவாகி வெளியேறும் விளைபொருள்களின் தொகை. ஆவிப்பொருள் மிகுந்தால் வெப்பமும் மிகும் என்று நினைப்பதும் தவறு. முதிராத நிலக்கரியின் ஆவிப்பொருளில் கணிசமான பகுதி கார்பன் டை ஆக்சைடும் நீராவியும், அவை எரியா.

நிலைக்கார்பனை யாரும் அளப்பதில்லை. 100லிருந்து மற்ற மூன்றையும் கழித்து எழுதுகிறார்கள். மற்ற மூன்றின் பிழைகளும் அதில் வந்து தங்குகின்றன. அது நிலக்கரியில் உள்ள மொத்தக் கார்பனும் அன்று. நம் மாதிரியில் நிலைக்கார்பன் 39%. மொத்தக் கார்பனோ, அடுத்து வருவது போல, 52%. இடையில் உள்ள 13% ஆவிப்பொருளோடு போய்விட்ட கார்பன் ஆகும். அறிக்கையில் மொத்தக் கார்பன் நிலைக்கார்பனை விடக் குறைவாக இருந்தால், எங்கோ அடிப்படைகள் கலந்துவிட்டன என்று உறுதியாகச் சொல்லலாம்.

தனிமங்களிலிருந்து வெப்பத்தைக் கணக்கிடுதல்

அல்டிமேட் பகுப்பாய்வு தனிமங்களின் விழுக்காட்டைத் தருகிறது. நம் மாதிரியில், காற்றில் உலர்ந்த நிலையில், கார்பன் 52, ஹைட்ரஜன் 3.5, நைட்ரஜன் 1.2, கந்தகம் 0.6, ஈரம் 6, சாம்பல் 28. இவற்றைக் கூட்டி 100லிருந்து கழித்தால் ஆக்சிஜன் 8.7. ஆக்சிஜனும் கழித்து வந்த எண்தான் என்பதால், மேலே நிலைக்கார்பனுக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

பிரெஞ்சு விஞ்ஞானி பியேர் லூயி டூலாங் பெயரால் வழங்கும் சூத்திரம், இந்த எண்களிலிருந்து ஜி.சி.வி.யை மதிப்பிட உதவுகிறது. கார்பன் விழுக்காட்டை 80.8ஆலும், ஹைட்ரஜனிலிருந்து ஆக்சிஜனில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து வருவதை 345ஆலும், கந்தகத்தை 22.4ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். எட்டில் ஒரு பங்கு ஏன் என்றால், நீரில் 1 பங்கு ஹைட்ரஜனுக்கு 8 பங்கு ஆக்சிஜன் எடை. உள்ளே இருக்கும் ஆக்சிஜன் அந்த அளவு ஹைட்ரஜனை ஏற்கெனவே பிணைத்துக்கொண்டது என்று சூத்திரம் கொள்கிறது.

நம் மாதிரிக்கு: 52 × 80.8 = 4,201.6. ஆக்சிஜனில் எட்டில் ஒன்று 1.09, எரிய மிஞ்சும் ஹைட்ரஜன் 2.41, அதன் வெப்பம் 832. கந்தகம் 13. கூட்டினால் ஏறத்தாழ 5,047. அளந்த மதிப்பு 5,080. வேறுபாடு 1%க்கும் குறைவு. அறிக்கை தன்னுள் முரணின்றி இருக்கிறது. பிட்டுமினஸ் நிலக்கரிக்கு வேறுபாடு 2%ஐத் தாண்டினால் நான் அறிக்கையைத் திருப்பிக் கேட்பேன். பழுப்பு நிலக்கரிக்கும் பீட்டுக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. அவற்றில் ஆக்சிஜன் மிகுதி, அதிலும் பெரும்பகுதி ஹைட்ரஜனோடு மட்டும் நில்லாமல் கார்பனோடு பிணைந்திருப்பதால் சூத்திரத்தின் அனுமானமே தளர்ந்துபோகிறது.

ஹைட்ரஜன் எண்ணில் ஒரு கண்ணி இருக்கிறது. சில அறிக்கைகள் ஈரத்தில் உள்ள ஹைட்ரஜனையும் சேர்த்தே எழுதுகின்றன. 6% ஈரத்தில் ஹைட்ரஜன் 0.67%, ஆக்சிஜன் 5.33%. சேர்த்து எழுதினால் ஹைட்ரஜன் 4.17 ஆகவும் ஆக்சிஜன் 14.03 ஆகவும் தோன்றும். டூலாங் சூத்திரத்தில் போட்டால் விடை மாறாது. கூடிய ஹைட்ரஜனைக் கூடிய ஆக்சிஜன் அப்படியே கழித்துவிடும். ஆனால் அடுத்து வரும் நிகர வெப்ப மதிப்புக் கணக்கில், அதே ஈரத்தை இரண்டு முறை கழித்துவிடுவோம். ஆகவே ஒரு சரிபார்ப்பு தேறிவிட்டது என்பதற்காக ஹைட்ரஜனின் அடிக்குறிப்பைப் படிக்காமல் விடக் கூடாது.

ஜி.சி.வி.யிலிருந்து என்.சி.வி.க்கு

வெப்ப மதிப்பை அளப்பது பாம் கலோரிமீட்டர் என்னும் கருவி. தடித்த எஃகுக் குடுவைக்குள் சிறு கிண்ணத்தில் 1 கிராம் நிலக்கரியை வைத்து, 30 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் நிரப்பி, மெல்லிய கம்பி வழியே மின்சாரம் செலுத்திப் பற்றவைக்கிறார்கள். குடுவையைச் சூழ்ந்திருக்கும் நீரின் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்பதே அளவீடு. கருவியின் வெப்பக் கொள்ளளவு டிகிரிக்கு 2,400 கலோரி என்று கொண்டால், நம் மாதிரி ஏற்றுவது 2.1 டிகிரி மட்டுமே. வெப்பநிலையை நூறில் ஒரு டிகிரி தவறாகப் படித்தாலும் விடையில் 24 கலோரி நகர்ந்துவிடும். அதனால்தான் கருவியை, கிராமுக்கு 26.43 கிலோஜூல் தரும் தூய பென்சாயிக் அமிலத்தை எரித்து அவ்வப்போது தரப்படுத்துகிறார்கள். அந்தத் தரப்படுத்தல் எப்போது நடந்தது என்று ஆய்வுக்கூடத்தைக் கேட்பது உங்கள் உரிமை. பற்றவைத்த கம்பியின் வெப்பத்தையும், குடுவைக்குள் நைட்ரிக், சல்ஃபியூரிக் அமிலங்கள் உண்டாவதால் வரும் வெப்பத்தையும் கழித்தபின்பே விடை எழுதப்படும்.

குடுவைக்குள் பிறந்த நீராவி அங்கேயே குளிர்ந்து நீராகித் தன் உள்ளுறை வெப்பத்தைத் திருப்பித் தந்துவிடுகிறது. உண்மையான உலையில் அந்த நீராவி புகைபோக்கி வழியே போய்விடும். அந்த இழப்பைக் கழித்து வருவதே நிகர வெப்ப மதிப்பு, அதாவது என்.சி.வி.

வந்தபடி நிலையில் ஹைட்ரஜன் 3.5 × 86 ÷ 94 = 3.2%. 1 கிலோ ஹைட்ரஜன் எரிந்தால் 9 கிலோ நீர் உண்டாகும். ஆகவே எரிதலால் வரும் நீர் 28.8%. அதோடு முன்பே இருந்த ஈரம் 14ஐக் கூட்டினால், 1 கிலோ நிலக்கரிக்கு 0.428 கிலோ நீராவி. 25 டிகிரியில் 1 கிலோ நீராவியின் உள்ளுறை வெப்பம் 2,442 கிலோஜூல், அதாவது 583 கிலோகலோரி. இரண்டையும் பெருக்கினால் 250. 4,648இலிருந்து 250 போக, 4,398. தொடக்கத்தில் சொன்ன ஐந்து எண்களில் மீதமிருந்தது இதுதான். கனவளவு மாறாத நிலையிலிருந்து அழுத்தம் மாறாத நிலைக்கு மாற்றும் சிறு திருத்தம் ஒன்றும் உண்டு. கொதிகலன் கணக்குக்கு அது பொருட்படுத்தத் தக்கதல்ல.

ஒரு கொதிகலனின் திறன் 80% என்று ஒருவர் சொன்னால், அது ஜி.சி.வி.யைக் கொண்டா, என்.சி.வி.யைக் கொண்டா என்று கேட்காமல் மேலே பேசக் கூடாது. நம் மாதிரியில் இரண்டுக்கும் இடையே 5%க்கு மேல் வேறுபாடு. பழுப்பு நிலக்கரியில் அது இன்னும் பெரிதாகும்.

எரிக்கத் தேவையான காற்றையும் இதே தனிமங்களிலிருந்து பெறலாம். நம் மாதிரி காற்றில் உலர்ந்த நிலையில் 1 கிலோவுக்கு ஏறத்தாழ 6.9 கிலோ காற்று கேட்கும். நடைமுறையில் இதற்கு மேல் ஒரு பங்கு உபரிக் காற்று கொடுக்க வேண்டியிருக்கும். அந்த 1 கிலோ முழுவதும் எரிந்தால் 1.9 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்.

சாம்பலும் கந்தகமும்

சாம்பல் என்பது நிலக்கரிக்குள் இருந்த கனிமம் அன்று, கனிமம் சூட்டில் மாறியபின் மிஞ்சியது. களிமண் கனிமங்கள் தம் கட்டமைப்பில் உள்ள நீரை இழக்கின்றன, கார்பனேட்டுகள் கார்பன் டை ஆக்சைடை இழக்கின்றன, பைரைட் இரும்பு ஆக்சைடாக எடை குறைகிறது. ஆகவே உண்மையான கனிமப் பொருள் சாம்பலை விடக் கூடுதல். பார் (Parr) என்பவர் பெயரால் வழங்கும் சூத்திரம் அதைச் சாம்பலின் 1.08 மடங்கும் கந்தகத்தின் 0.55 மடங்கும் சேர்ந்தது என்று மதிப்பிடுகிறது. நம் மாதிரிக்கு 28க்குப் பதில் 30.6.

கந்தகம் பைரைட்டாக, கரிமப் பகுதியில் பிணைந்ததாக, சல்பேட்டாக என மூன்று வடிவில் இருக்கும். பைரைட் கனமானது என்பதால் கழுவும்போது அதில் ஒரு பகுதி பிரிந்துவிடும். கரிமக் கந்தகம் கழுவினால் போகாது. நம் மாதிரியில் 1 டன்னுக்கு 6 கிலோ கந்தகம். அனைத்தும் எரிந்தால் 12 கிலோ சல்ஃபர் டை ஆக்சைடு.

சாம்பலின் அளவை விட அதன் உருகும் வெப்பநிலை பல உலைகளில் பெரிய தொல்லை தரும். சாம்பலைச் சிறு கூம்பாக்கிச் சூடேற்றி, முனை மழுங்கும் வெப்பநிலை, அரைக்கோளமாகும் வெப்பநிலை, தட்டையாகப் பரவும் வெப்பநிலை என வரிசையாகக் குறிக்கிறார்கள். சிலிக்காவும் அலுமினாவும் மிகுந்த சாம்பல் உருகத் தயங்கும்; இரும்பு, கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் மிதமாகச் சேர்ந்தால் உருகுநிலை இறங்கும். மூசையில் செங்கல் நிறத்தைப் பார்த்திருந்தால், உருகுநிலைச் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள். கேட்கும்போது, ஒடுக்கும் சூழலிலும் அளக்கச் சொல்லுங்கள். காற்று குறைந்த இடத்தில் இரும்பு தாழ்ந்த ஆக்சைடாக மாறி, சாம்பல் இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே இளகும்.

சேமிப்பில் வெப்பம்

நிலக்கரி வெப்பத்தை மோசமாகக் கடத்தும். அதன் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.2 முதல் 0.3 வாட் அளவே. உலர்ந்த நிலக்கரியின் தன்வெப்பம் நீரினுடையதில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. அதாவது, சிறிது வெப்பமே அதைச் சூடாக்கப் போதும். சூடானபின் அந்த வெப்பம் வெளியேற வழி குறைவு. நிலக்கரி சாதாரணக் காற்றிலேயே மெதுவாக ஆக்சிஜனை ஏற்று வெப்பம் விடுகிறது. குவியலின் உள்ளே காற்று புகும் அளவுக்கு இடுக்குகளும், வெப்பத்தை வெளியேற்றப் போதாத அளவுக்குக் காற்றோட்டமும் இருந்தால் வெப்பம் சேர்ந்துகொண்டே போகும். 60, 70 டிகிரியைத் தாண்டியபின் ஏற்றம் வேகமெடுக்கும்.

எந்த நிலக்கரிக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதையும் அறிக்கையே சொல்லும். ஈரமும் சாம்பலும் நீங்கிய அடிப்படையில் ஆக்சிஜனும், காற்றில் உலர்ந்த ஈரமும் கூடுதலாக இருந்தால் அது முதிராத நிலக்கரி. தானே சூடேறும், எளிதில் பற்றும். நம் மாதிரியில் அந்த ஆக்சிஜன் 13%க்கு மேல். நெடுநாள் குவித்து வைக்கத் தக்கதல்ல. ஆந்த்ரசைட்டில் இந்தக் கவலை மிகக் குறைவு. தூளும் கட்டியும் பிரிந்து, கட்டிகள் அடிவாரத்தில் சேரும்படி உயரத்திலிருந்து கொட்டினால், அந்தக் கட்டிகளின் இடுக்கு வழியே காற்று உள்ளே ஏறும். மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இயந்திரத்தால் அழுத்தி, முதலில் வந்ததை முதலில் எடுத்துப் பயன்படுத்துங்கள்.

ஒரு முனை மூடிய இரும்புக் குழாய்களைக் குவியலில் பல இடங்களில், குறிப்பாகக் காற்று வீசும் பக்கச் சரிவில், ஆழமாகச் செருகி வைத்து, அவற்றினுள் வெப்பமானியை இறக்கி, குழாய் வாரியாகத் தேதியிட்டு எழுதி வாருங்கள். ஒரு குழாயின் எண் மற்றவற்றை விட்டு விலகி நாளுக்கு நாள் ஏறினால், 60 டிகிரி வரும்வரை காத்திராமல் அந்தப் பகுதியைத் தோண்டி எடுத்து மெல்லியதாகப் பரப்பி ஆறவிடுங்கள். சூடேறிய இடத்தின் மேல் தண்ணீர் தெளிப்பதோடு நிறுத்தாதீர்கள். மேற்பரப்பு நனையுமே தவிர உள்ளே உள்ள சூடு குறையாது. ஆறிய அந்த நிலக்கரியை உலைக்கு அனுப்புமுன் வெப்ப மதிப்பைப் புதிதாக அளந்துகொள்ளுங்கள். பழைய அறிக்கையின் 5,080 இனி அதற்குப் பொருந்தாது.